விடை பெறாமல் விடைபெற்றோர்

தமிழில் ‘விடை’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. கேட்ட வினாவுக்குக் கிடைக்கும் மறுமொழியும் விடை. பிரிந்து செல்வதற்குப் பெறும் இசைவும் விடை. நம் இல்லத்திற்கு வந்த விருந்தினர் சொல்லாமல் எழுந்து போவதில்லை, விடைபெற்றுத்தான் செல்கிறார். நாமும் வாயில்வரை வந்து அவரை வழியனுப்பாமல் இருப்பதில்லை. இந்தச் சிறிய பண்பு இன்றும் நம் வீடுகளில் அழியாமல் இருக்கிறது. ஆனால் மருத்துவ ஆராய்ச்சி என்னும் பெரிய வீட்டின் வாயிலில் இப்பண்பு பல வேளைகளில் மறக்கப்பட்டுவிடுகிறது. அந்த ஆராய்ச்சிக்குத் தம் உடலையே தந்து உதவியவர்கள், எந்த வினாவுக்காக உதவினார்களோ அந்த வினாவின் விடையைப் பெறாமலேயே விடைபெற்றுப் போகிறார்கள். இது முறைதானா என்று நாம் சிந்திக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஒரு புதிய மருந்தோ தடுப்பூசியோ பயன்தருமா என்பதை இறுதியில் மனித உடலில்தான் அறிந்துகொள்ள முடியும். இதற்காக மக்களின் இசைவைக் கேட்டு, அவர்களை இரண்டு அல்லது மூன்று பிரிவுகளாகக் குலுக்கல் முறையில் பிரிக்கிறார்கள். ஒரு பிரிவினருக்கு மருந்து. மற்றொரு பிரிவினருக்கு மருந்துபோலவே தோற்றமளிக்கும் வெறும் மாத்திரை, அல்லது வழக்கிலுள்ள பழைய மருந்து. யாருக்கு எது கிடைத்தது என்பது பல ஆய்வுகளில் கொடுப்பவருக்கும் தெரியாது, பெறுபவருக்கும் தெரியாது. மனத்தின் எதிர்பார்ப்பு முடிவைத் திரித்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ இரத்தம் எடுக்கிறார்கள், எடை பார்க்கிறார்கள், கேள்வி கேட்கிறார்கள். ஒரு நாள், “இனி நீங்கள் வரவேண்டியதில்லை” என்று சொல்கிறார்கள். அதற்குப் பின்னர்தான் கணக்குகள் திறக்கப்படுகின்றன, உண்மை வெளிப்படுகிறது. அது ஆங்கிலத்தில் ஓர் ஆய்விதழில் அச்சாகிறது. அதை உலகத்து மருத்துவர்கள் படிக்கிறார்கள். உடலைத் தந்தவர் மட்டும் படிப்பதில்லை.

நம் மண்ணிலேயே நடந்த ஒரு பெரும் ஆய்வை எடுத்துக்கொள்வோம். காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசி எவ்வளவு காப்பளிக்கிறது என்பதில் உலக மருத்துவர்களிடையே நெடுங்காலம் கருத்து வேறுபாடு இருந்தது. அதைத் தீர்ப்பதற்காக 1968-இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு ஓர் ஆய்வைத் தொடங்கியது. கைக்குழந்தை முதல் முதியவர்வரை இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் ஊசி போட்டுக்கொண்டனர். சிலருக்குத் தடுப்பூசி, சிலருக்குத் தடுப்பு மருந்து எதுவுமற்ற ஊசி. அதன்பின் பதினைந்து ஆண்டுகள், இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை, ஊர் ஊராகச் சென்று நோய் கண்டவர் எவர், காணாதவர் எவர் என்று கணக்கெடுத்தார்கள். மனித வரலாற்றிலேயே மிகப் பெரிய காசநோய்த் தடுப்பூசி ஆய்வுகளுள் ஒன்றுக்கு வயலில் நாற்று நட்டவர்களும் தறியில் அமர்ந்தவர்களும் கை நீட்டிக் கொடுத்தார்கள்.

முடிவு என்ன? முதல் அறிக்கை 1979-இல் வந்தது. பதினைந்து ஆண்டுக் கணக்கு முழுவதும் 1999-இல் அச்சேறியது. வளர்ந்தவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை. சிறுவர்களிடத்தில் காணப்பட்ட காப்பும் மிகக் குறைவே. எவரும் எதிர்பாராத, எவரும் விரும்பாத விடை இது. ஆயினும் விடையேயாகும். குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய காசநோய் வகைகளிலிருந்து பி.சி.ஜி. காக்கிறது என்று வேறு ஆய்வுகள் காட்டியதால் பிறந்த குழந்தைகளுக்கு அதை இன்றும் போடுகிறோம். ஆனால் அது பெரியவர்களின் நோயைத் தடுத்துவிடும் என்று நம்பியிருக்கக் கூடாது. வேறு தடுப்பூசி தேடவேண்டும், நோயுற்றவரை விரைவில் கண்டுபிடித்து மருந்து தரவேண்டும் என்னும் தெளிவுக்குச் செங்கற்பட்டு மக்களின் கைகள் பெரிதும் உதவின. இன்று புதிய காசநோய்த் தடுப்பூசிக்காக உழைக்கும் எந்த அறிஞரும் ‘செங்கற்பட்டு’ என்னும் பெயரை அறியாதவரல்லர்.

இந்த விடை அந்த ஊர்களின் திண்ணைகளுக்கு எவ்வளவு தூரம் வந்து சேர்ந்தது? அன்று சிறுவனாக நின்று ஊசி போட்டுக்கொண்டவர் இன்று பேரன் எடுத்திருப்பார். தம் தோளில் ஏறிய ஊசி உலகத்துக்கு ஒரு பாடம் கற்பித்தது என்பதை அவர் அறிவாரா? எவர்மீதும் குற்றம் சாட்டுவதற்காக இதை நாம் கேட்கவில்லை. அன்று உலகில் எங்குமே அப்படிச் சொல்லும் வழக்கம் வேரூன்றியிருக்கவில்லை. வழக்கமாக இல்லாத ஒன்று கடமையாகவும் இல்லை என்று ஆகிவிடுமா என்பதே நம் வினா.

இதே மண்ணில் இதற்கும் முன்னே மற்றோர் ஆய்வு நடந்தது. 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் தொடங்கப்பட்டது. அக்காலத்தில் காசநோயாளிகளை ஊருக்கு வெளியே உள்ள ஆரோக்கிய நிலையங்களில் மாதக்கணக்கில் படுக்கவைப்பதே சிறந்த மருத்துவம் என்று கருதப்பட்டது. நகரத்தின் ஏழை மக்களிடையே இருந்து இருநூறுக்குச் சற்றுக் குறைவான நோயாளிகள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் நல்ல உணவும் ஓய்வும் பராமரிப்பும் உள்ள ஆரோக்கிய நிலையத்தில். மறு பிரிவினர் நெருக்கமான தம் வீடுகளிலேயே, அரைவயிற்றுக் கஞ்சியோடு. மருந்து மட்டும் இருவருக்கும் ஒன்றே. ஓராண்டு முடிவில் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரேயளவில் தேறியிருந்தனர். நோயாளி வீட்டிலேயே இருந்ததால் உடனிருந்தவர்களுக்கு நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை. 1959-இல் இம்முடிவு வெளியானபின் ஆரோக்கிய நிலையங்களின் காலம் படிப்படியாக முடிவுக்கு வந்தது. உலகெங்கும் எத்தனையோ தாய்மார் தம் பிள்ளைகளைப் பிரியாமல் வீட்டிலிருந்தே குணமடைய வழி பிறந்தது. அந்தப் பேருதவியைச் செய்தவர்கள் சென்னையின் குடிசைகளில் வாழ்ந்த அந்த நோயாளிகள். ஆய்வை வழிநடத்திய மருத்துவர்களின் பெயர்கள் நூல்களில் உள்ளன; இருக்கவும் வேண்டும். நோயாளிகளின் பெயர்களை மறைத்துக் காப்பது நியாயமே. ஆனால் பெயரை மறைப்பது வேறு. அவர்கள் செய்த நன்மையை அவர்களுக்கே மறைப்பது வேறு.

விடையைப் பங்கேற்றவர்களோடு பகிர்ந்துகொண்ட வேளைகளும் வரலாற்றில் உண்டு. 1954-இல் அமெரிக்காவில் இளம்பிள்ளைவாதத் தடுப்பூசி ஆய்வில் சுமார் 18 இலட்சம் சிறுவர் பங்கேற்றனர். 1955 ஏப்ரல் 12 அன்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முடிவு அறிவிக்கப்பட்டபோது, அது ஒரு நாட்டின் திருவிழாவாயிற்று. கோயில் மணிகள் ஒலித்தன. பெற்றோர் தம் பிள்ளைகளைப் பார்த்து, “உன்னால்தான் இது தெரிய வந்தது” என்று சொல்ல முடிந்தது. அதே நாட்டில் அதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் உண்டு. அலபாமா மாநிலத்து டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, மேகப்புண் நோயுற்ற ஏழைக் கறுப்பின ஆடவர் 399 பேருக்கு உண்மையான நோயின் பெயர்கூடச் சொல்லப்படவில்லை. பெனிசிலின் கைக்கு வந்த பின்னரும் அவர்களுக்கு அது தரப்படவில்லை. நோய் தானாக எப்படி முற்றுகிறது என்று பார்ப்பதற்காகவே அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செய்தித்தாள் வழியாகத்தான் அந்தக் கொடுமை வெளிப்பட்டது; 1997-இல் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். செங்கற்பட்டையும் டஸ்கீகியையும் ஒரே தட்டில் வைப்பது பெரும் அநீதியாகும். ஒன்று நன்மை தேடிய ஆய்வு, மற்றொன்று வஞ்சகம். ஆயினும் டஸ்கீகி நமக்கு ஒன்றைக் கற்பிக்கிறது. அறிவு ஒரு பக்கமும் உடல் மறுபக்கமும் பிரிந்து நிற்கும்போது, உடலைத் தருபவன் மெல்ல மெல்ல ஆளாக அன்றி ஒரு பொருளாகவே பார்க்கப்படத் தொடங்குகிறான்.

திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1952 செப்டம்பரில், நரம்புத் திசுவியல் அறிஞர்களின் மாநாட்டினரிடம் பேசியபோது இந்த ஆபத்தையே சுட்டிக்காட்டினார். அறிவியலின் வளர்ச்சியும் சமுதாயத்தின் நலனும் உயர்ந்தவையே. ஆனால் அவற்றுக்காகத் தனிமனிதனைப் பலியிட எவருக்கும் உரிமையில்லை. கை உடலுக்காக இருப்பதுபோல மனிதன் சமுதாயத்திற்காக இருக்கவில்லை என்பது அவர் உரையின் சாரம். இக்கருத்தை ஒரு படி முன்னே கொண்டுசென்றால் நம் வினாவுக்கு வழி கிடைக்கிறது. கை செய்த வேலையின் பயனைக் கைக்கு அறிவிக்க வேண்டியதில்லை. ஆனால் மனிதன் கையல்லன். அறிந்து, விரும்பி, தன்னைத் தருபவன். அறிந்து தந்தவனுக்கு, தந்ததால் விளைந்ததையும் அறியும் பங்கு உண்டு. அறிவிப்பதும் அறிவிக்காமல் விடுவதும்தான் நண்பனையும் வேலையாளையும் பிரிக்கும் கோடு என்பதை யோவான் நற்செய்தியைப் படிக்கும் நாம் அறியாதவர்கள் அல்லோம்.

இது வெறும் இரக்கத்தின் குரல் அன்று. உலக மருத்துவச் சங்கம் 1964-இல் வெளியிட்ட ஹெல்சிங்கி அறிக்கை, மருத்துவ ஆராய்ச்சியாளர்களின் மனச்சாட்சிக்கு ஒரு வழிகாட்டி. 2013-இல் திருத்தப்பட்டபோது, ஆய்வில் பங்கேற்கும் ஒவ்வொருவருக்கும் ஆய்வின் பொதுவான முடிவை அறிந்துகொள்ளும் வாய்ப்பு அளிக்கப்பட வேண்டும் என்று அது தெளிவாகக் கூறியது. 2024-ஆம் ஆண்டின் திருத்தத்திலும் அந்நெறி நிலைத்திருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளும், பொருந்தும் இடங்களில் ஆய்வின் கண்டுபிடிப்புகளை அம்மக்களுக்குத் தெரிவிக்க முயல வேண்டும் என்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் ஒரு படி மேலே சென்று, மருந்து ஆய்வுகளின் முடிவைப் பொதுமக்களுக்குப் புரியும் எளிய நடையில் சுருக்கி வெளியிட வேண்டும் என்று சட்டமே இயற்றியிருக்கிறது. 2022 முதல் அச்சட்டம் நடைமுறையில் உள்ளது. நெறி எழுதப்பட்டுவிட்டது. அது ஒவ்வொரு வீட்டின் வாயிலுக்கும் வந்து சேருவதுதான் எஞ்சியிருக்கிறது.

இதற்கு எதிராக எழும் வாதங்களையும் நேர்மையோடு எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.

“சாதாரண மக்களுக்கு இது புரியாது” என்பது முதல் வாதம். ஆய்வின் தொடக்கத்தில் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, ஐயங்களுக்கு விளக்கம் தந்துதானே கையொப்பமோ கைநாட்டோ பெறுகிறோம்? வாங்கும்போது புரியக்கூடியவராக இருந்தவர், கொடுக்கும்போது மட்டும் புரியாதவர் ஆகிவிடுவாரா? குலுக்கலையும் வெறும் மாத்திரையையும் விளக்க முடிந்தவர்களுக்கு, “இந்த மருந்து பயன்தந்தது”, “இது பயன்தரவில்லை” என்று விளக்குவது அரிதன்று.

“ஆய்வு முடிய ஆண்டுகள் பல ஆகின்றன, மக்கள் ஊர்விட்டு ஊர் போய்விடுகிறார்கள்” என்பது இரண்டாம் வாதம். இதில் உண்மை உண்டு. உழைப்பும் செலவும் உண்டு. ஆனால் செங்கற்பட்டில் பதினைந்து ஆண்டுகள் திரும்பத் திரும்ப அந்த ஊர்களுக்குச் செல்ல முடிந்ததே! சளியைப் பெறுவதற்காகத் தேடிப்போக முடிந்த வீட்டுக்குச் செய்தியைச் சொல்வதற்காகவும் தேடிப்போக முடியும். எல்லாரையும் காண முடியாதென்பது காண முடிந்தவர்களுக்கும் சொல்லாமல் விடுவதற்குக் காரணமாகாது.

மூன்றாம் வாதமே நம்மை ஆழமாகத் தயங்கவைப்பது. விடை துயரம் தருவதாக இருந்தால் என்ன செய்வது? அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 16,608 பெண்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. இரண்டு ஹார்மோன்கள் சேர்ந்த மாத்திரை அவர்களது இதயத்தைக் காக்கும் என்று எதிர்பார்த்தார்கள். மாறாக, அதை உட்கொண்டவர்களிடையே மார்பகப் புற்றுநோயும் இதயநோயும் பக்கவாதமும் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டதால் 2002 ஜூலையில் அந்தப் பகுதி இடையிலேயே நிறுத்தப்பட்டது. பங்கேற்ற பெண்களுக்குக் கடிதம் எழுதி மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். அக்கடிதத்தைப் பிரித்துப் படித்த பெண்ணின் மனநிலையை நாம் எண்ணிப் பார்க்கலாம். அதுபோலவே, ஓர் ஆய்வில் கணவரை இழந்த பெண், அவருக்குக் கிடைத்தது வெறும் மாத்திரை என்று பின்னாளில் அறிந்தால் அவளுடைய நெஞ்சு எப்படித் துடிக்கும்! “அந்த மருந்து கிடைத்திருந்தால்...” என்னும் எண்ணம் அவளை இரவெல்லாம் உறங்கவிடாது.

இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆயினும் மறைப்பது இதற்கு மருந்தன்று. ஹெல்சிங்கி அறிக்கை ‘அறிவித்தே தீரவேண்டும்’ என்று கூறாமல், ‘அறியும் வாய்ப்பு அளிக்கப்பட வேண்டும்’ என்று கூறுவதில் ஞானம் இருக்கிறது. அறிய விரும்புவோர்க்கு அறிவும், விரும்பாதோர்க்கு அமைதியும் உரியவை. எனவே தொடக்கத்திலேயே கேட்டுவிட வேண்டும்: முடிவை அறிய விரும்புகிறீர்களா? எந்த வழியில்? நீங்கள் இல்லாதபோது வீட்டில் யாரிடம் சொல்லலாம்? சொல்கின்றவர் ஒரு தாளை அனுப்பிவிட்டுக் கைகழுவாமல் அருகே அமர்ந்து சொல்ல வேண்டும்: எந்தப் பிரிவு நல்லது என்று முன்பே தெரிந்திருந்தால் குலுக்கலே நடந்திராது; தெரியாததால்தான் ஆய்வு நடந்தது; உங்கள் கணவரை எவரும் அறிந்தே குறைவான பக்கத்தில் நிறுத்தவில்லை. இந்த உண்மை துயரத்தை அகற்றாது. ஆனால் துயரத்தோடு ஐயமும் சேர்ந்து மனத்தை அரிக்காமல் காக்கும். பொது முடிவு வேறு, தனியொருவரின் உடலில் கண்ட குறை வேறு என்பதையும் இங்கே மறக்கலாகாது. ஆய்வுக்காக எடுத்த படத்திலோ இரத்தத்திலோ மருத்துவம் செய்யக்கூடிய ஒரு நோய் தென்பட்டால், அதை அவருக்குச் சொல்ல ஆய்வு முடியும்வரை காத்திருப்பது தகாது.

நான்காவதாக, பக்தியுள்ளவர்களிடமிருந்தே ஒரு வாதம் எழக்கூடும். “கொடுத்தது கொடையல்லவா? வலக்கை தருவதை இடக்கை அறியாமல் தருவதே சிறப்பன்றோ? பிறகு ஏன் கணக்குக் கேட்கவேண்டும்?” கொடுத்தவர் கைம்மாறு கேளாதிருப்பது கொடுத்தவருடைய பெருமை. ஆனால் பெற்றவர் நன்றி சொல்லாதிருப்பது பெற்றவருக்குப் பெருமையாகாது. ஒருவருடைய தாராளம் மற்றவருடைய மறதிக்குச் சாக்காகக் கூடாது. மேலும் நாம் கேட்பது கூலியன்று. அவர் எதற்குத் துணைசெய்தாரோ அதன் உண்மையை மட்டுமே.

இன்னும் ஒரு தீமை உண்டு. அது மௌனத்திலேயே மறைந்துகிடக்கிறது. முடிவு எதிர்பார்த்தபடி அமையாத ஆய்வுகள் சில வேளைகளில் அச்சேறாமலே போகின்றன. மருந்து பயனற்றது என்னும் செய்தியை விற்பனைக்கு உதவாத செய்தியாகக் கருதிப் பெட்டியில் பூட்டிவிடுகிறார்கள். அப்போது அந்த மக்கள் தந்த இரத்தமும் காலமும் வீணாகின்றன; அதே தவறான பாதையில் வேறொரு நாட்டில் வேறு மனிதர்கள் மீண்டும் நடத்தப்படுகிறார்கள். செங்கற்பட்டு ஆய்வைச் செய்தவர்களின் நேர்மையை இங்கேதான் நாம் போற்ற வேண்டும். விரும்பாத விடையை அவர்கள் மறைக்காமல் உலகறியச் செய்தார்கள். உலகுக்குச் சொன்னதை ஊருக்கும் சொல்வதே அடுத்த படி.

இவ்வளவும் அறிஞர்களுக்கு உரிய செய்தி, நமக்கென்ன என்று எண்ணிவிட வேண்டாம். நம்மில் எவரும், நம் உறவினர் எவரும், ஒரு மருத்துவமனையில் இத்தகைய படிவத்தின்முன் நாளை அமரக்கூடும். அப்போது அச்சத்தால் மறுக்கவும் வேண்டாம். கேளாமல் கையொப்பமிடவும் வேண்டாம். ஆய்வு எப்போது முடியும்? முடிவு எனக்கு எப்படி வந்துசேரும்? நான் யாரைக் கேட்கலாம்? இம்மூன்றையும் பணிவோடு கேட்போம். ஒப்புதல் படிவத்தின் படி ஒன்றைப் பெற்று வீட்டில் பத்திரப்படுத்துவோம். நம் நாட்டில் மருத்துவ ஆய்வுகளுக்கென 2007 முதல் ஒரு பொதுப் பதிவேடு இருக்கிறது. 2009 முதல் மருந்து ஆய்வுகள் அதில் பதிவு செய்யப்படுவது கட்டாயம். யாரும் கட்டணமின்றிப் பார்க்கக்கூடியது அது. ஆய்வின் பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டால், படித்த பிள்ளைகள் பின்னாளில் தேடிப் பார்த்துச் சொல்வார்கள். திருச்சபையின் மருத்துவமனைகளில் ஆய்வு நடத்துவோர், முடிவு வந்ததும் பங்கேற்றவர்களை ஒரு மாலைப்பொழுதில் அழைத்து அமரவைத்துத் தமிழில் சொல்லலாம். அதற்குப் பெரும் பொருள் தேவையில்லை, மனம் தேவை.

என்ன சொல்வது? நீண்ட உரை வேண்டாம். “நீங்கள் கை நீட்டியதால் ஒன்று தெரிய வந்தது. நாங்கள் நினைத்த அளவுக்கு இந்த ஊசி பெரியவர்களைக் காக்கவில்லை. இனி வேறு வழி தேட வேண்டும் என்பதை உலகம் உங்களால் கற்றுக்கொண்டது. உங்களுக்கு நன்றி.” இத்தனை சொன்னால் போதும். பயனில்லை என்று காட்டிய ஆய்வுக்கும் பயன் உண்டு என்பதை எந்த உழவரும் புரிந்துகொள்வார். எந்த விதை எந்த மண்ணில் முளைக்காது என்று அறிவதும் வேளாண்மையின் அறிவுதானே! அதைக் கேட்டபின் அவர் எழுந்து செல்லும்போதுதான், சொல்லின் இரு பொருளிலும், விடைபெற்றவராகிறார்.